அடைத்தும் நிற்காத ஆயில்

வண்டி நிற்கும் இடத்தில் தரையில் ஒரு கறுப்பு வட்டம். முதல் மாதம் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிடுகிறோம். இரண்டாம் மாதம் வீட்டு ஓனர், புதிதாகப் போட்ட டைல்ஸைக் காட்டி ஒன்றும் சொல்லாமல் நிற்கிறார். பட்டறைக்குப் போனால், "பேக்கிங் போயிருக்கு சார், மாத்திட்டா சரியாயிடும்" என்கிறார் மெக்கானிக். மாற்றுகிறார். சரியாகவும் ஆகிறது. ஆறு வாரம் தரை துடைத்துவிட்டாற்போல் கிடக்கிறது. ஏழாவது வாரம் அதே இடத்தில் அதே வட்டம்.

இந்தக் கட்டுரை அந்த ஏழாவது வாரத்தைப் பற்றியது. ஆயில் ஏன் கசிகிறது என்பதில் யாருக்கும் பெரிய சண்டை கிடையாது. ரப்பர் காய்கிறது, கார்க் சுருங்குகிறது, போல்ட் தளர்கிறது. மாற்றிய பிறகும் ஏன் கசிகிறது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. பேக்கிங் டூப்ளிகேட் என்பார் ஒருவர். ஆயில் ரொம்ப மெலிசு என்பார் அடுத்தவர். பழைய வண்டி அப்படித்தான், ஊற்றி ஊற்றி ஓட்டுங்கள் என்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் திரும்பத் திரும்பக் கசியும் இன்ஜின்களில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய பேக்கிங்கின் மேல் பழி போட முடியாது என்பது என் கருத்து. புதிய பேக்கிங்கைப் போடுவதற்கு முன் செய்திருக்க வேண்டிய மூன்று வேலைகள் செய்யப்படாமல் போகின்றன: கசியும் வாயைக் கண்டுபிடிப்பது, இன்ஜினுக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப் பார்ப்பது, பேக்கிங் உட்காரும் உலோக முகத்தைச் சீர்செய்வது. மூன்றுக்கும் பெரிய கருவிகள் வேண்டாம், நேரம்தான் வேண்டும். பட்டறைக்காரரிடம் இல்லாத பொருள் அது ஒன்றுதான். இன்ஜினைக் கழுவிக் காயவைத்து, மறுநாள் காலை வரை காத்திருந்து பார்க்க அவருக்கு யார் கூலி கொடுப்பார்? ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பவருக்கு அந்த வசதி இருக்கிறது.

வாய் எங்கே?

ஆயில் கசியும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கசிந்த ஆயில் கீழ்நோக்கி இறங்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே முன்பக்கம் மேலே கசிந்தது, பின்பக்கம் கீழே ஏதோ ஒரு போல்ட்டின் தலையில் திரண்டு சொட்டும். நனைந்திருக்கும் பகுதியில் மிக உயரமான, மிக முன்னால் இருக்கும் புள்ளியைத் தேடு என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். பாலபாடத்தைத்தான் அவசரத்தில் எல்லோரும் மறக்கிறார்கள்.

என் காரில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டியது. அங்கே சொட்டினால் கிராங்கின் பின்பக்க சீல் என்று எல்லா வாயும் ஒரே பதிலைச் சொல்லும். கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இரண்டு நாள் வேலை, இறக்கியதுதான் இறக்கினோம் கிளட்சையும் மாற்றிவிடலாம் என்று எஸ்டிமேட் வளர்ந்தது. கையில் காசில்லாத மாதம் என்பதால் தள்ளிப்போட்டேன். அந்த இடைவெளியில் கழுவிப் பார்த்தபோது தெரிந்தது: டாப் கவரின் பின்மூலையில் இருக்கும் அரைவட்ட ரப்பர் கல்லாக இறுகிப் போயிருந்தது. அதிலிருந்து இன்ஜினின் முதுகு வழியே இறங்கிய ஆயில், கியர்பாக்ஸ் இணைப்பில் போய்ச் சொட்டியிருக்கிறது. கையளவு ரப்பர். காசில்லாமல் இருந்ததால் மிச்சமான பணம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

கழுவுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஏர் ஃபில்டர் வாயையும் ஒயர் கனெக்டர்களையும் பாலிதீன் கவர் கட்டி மூட வேண்டும். டீசலில் நனைத்த பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்து, சோப்புத் தண்ணீரால் அலசி, வெயிலில் காயவிட வேண்டும். டீசல் வாடை போகும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு, சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைப் பஃப்பால் ஒற்றி ஒரு வெள்ளைப் படலம் கொடுங்கள். பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டு, பிறகு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பரப்பில் பழுப்புக் கோடு ஒன்று இறங்கியிருக்கும். அதன் மேல்நுனிதான் வாய். புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தை ஆயிலில் கலந்து பார்ப்பதும் உண்டு. மெதுவாகக் கசியும் கார்களுக்கு அது நல்ல வழி. முதல் முயற்சிக்குப் பவுடர் போதும்.

கழுவுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டிய ஒரு கேள்வி, கசிவது இன்ஜின் ஆயில்தானா என்பது. வண்டியடியில் ஒரு வெள்ளை அட்டையை இரவு முழுக்கப் போட்டுவைத்தால் காலையில் பதில் கிடைக்கும். பழுப்பு, கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். மூக்கைச் சுளிக்கவைக்கும் கந்தக வாடை வந்தால் கியர் ஆயில். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டியரிங் எண்ணெய். பிசுபிசுப்போடு பச்சையோ இளஞ்சிவப்போ காட்டினால் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் ஏசி, அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

அந்த அட்டை அளவையும் சொல்லும். ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மி.லி. நிமிடத்துக்கு ஒன்றாக ஓயாமல் சொட்டினால் நாளைக்கு 1,440 சொட்டு, அதாவது 72 மி.லி. ஒரு லிட்டர் ஆயில் பிடிக்கும் சிறிய பைக் இரண்டு வாரத்தில் காலி. இரவு முழுக்க நான்கைந்து சொட்டுதான் என்றால் அதே லிட்டர் பல ஆண்டுகளுக்கு வரும். தரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் பயமுறுத்தும்.

சந்தேகப்படுவதில் மலிவானதிலிருந்து தொடங்குவது நல்லது. ஆயில் ஊற்றும் மூடியின் ரப்பர், டிரெயின் போல்ட் வாஷர், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர். ஃபில்டரில் ஒரு வேடிக்கை நடக்கும். பழையதைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் புதியதை அதன் வளையத்தோடு மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். சில கிலோமீட்டர் தாங்கும், பிறகு பீய்ச்சி அடிக்கும். சர்வீஸ் முடித்து வந்த வாரமே கசிவு தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

உள்ளே அடைபட்ட காற்று

இந்த விஷயத்தில் நம் பட்டறைகள் அதிகம் கவனிக்காத பகுதி இது. ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பழைய வார்ப்பிரும்பு புல்லட்டை எடுத்துக்கொள்வோம். 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் தயாரான அந்த வண்டியும் ஆயில் கறையும் பிரிக்க முடியாத ஜோடி. "புல்லட்டில் ஆயில் ஒழுகவில்லையா? அப்படியென்றால் உள்ளே ஆயில் இல்லை" என்ற பழைய கேலியைச் சொல்லாத புல்லட்காரர் கிடையாது. கேலிக்குப் பின்னால் இருக்கும் இயந்திரக் கணக்கு இது: ஒற்றை சிலிண்டர், 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. ஸ்ட்ரோக், மொத்தம் 346 சி.சி. பிஸ்டன் கீழே வரும்போதெல்லாம் அதற்கு அடியில் கிராங்க்கேஸில் இருக்கும் காற்றை அதே 346 சி.சி. அளவுக்கு நெருக்குகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு ஐம்பது முறை. பல சிலிண்டர் இன்ஜின்களில் ஒரு பிஸ்டன் இறங்கும்போது இன்னொன்று ஏறுவதால் இந்த நெருக்கம் ஓரளவு சமன்படும். ஒற்றை சிலிண்டருக்கு அந்தத் துணை கிடையாது.

நெருக்கப்பட்ட காற்று வெளியேறுவதற்காகத்தான் பிரீதர் குழாய் இருக்கிறது. அதில் வாத்தின் அலகுபோல ஒரு ரப்பர் வால்வு. உள்ளிருந்து வெளியே விடும், வெளியிலிருந்து உள்ளே விடாது. அது ஒழுங்காக வேலை செய்தால் கிராங்க்கேஸுக்குள் லேசான வெற்றிடம் நிற்கும், ஆயில் உள்ளேயே இருக்கும். ரப்பர் இறுகிவிட்டாலோ, குழாய் எங்காவது மடங்கி நசுங்கிவிட்டாலோ காற்றுக்கு வேறு வழி தேவைப்படும். எந்தப் பேக்கிங் இளைத்திருக்கிறதோ அதன் வழியாக ஆயிலையும் சேர்த்துக்கொண்டு வெளியே வரும். நீங்கள் அந்தப் பேக்கிங்கை மாற்றுவீர்கள். அடுத்து இளைத்தது எதுவோ அது வாய் திறக்கும். "ஒரு இடத்த அடைச்சா இன்னொரு இடத்துல வருது" என்று அலுத்துக்கொள்பவர்களின் வண்டியில் முதலில் பிரீதர் குழாயைத்தான் பார்க்க வேண்டும்.

புல்லட்டில் இதற்குமேல் ஒரு பொறியும் உண்டு. அதன் ஆயில் தொட்டி கிராங்க்கேஸ் வார்ப்பிலேயே தனி அறையாக இருக்கிறது. வண்டி பல நாள் நின்றால் அந்த அறையிலிருந்து ஆயில் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து, கிராங்க் சுழலும் அறைக்குள் இறங்கிவிடும். நான்கு நாள் கழித்து வந்து அளவுக் குச்சியை எடுத்துப் பார்ப்பவருக்கு ஆயில் குறைந்ததுபோல் தெரியும். கால் லிட்டர் ஊற்றுவார். ஸ்டார்ட் செய்ததும் இறங்கிய ஆயிலும் திரும்பி மேலே வரும். இப்போது தொட்டி நிரம்பி வழிகிறது, பிரீதர் கக்குகிறது, ஊரே ஆயில் லீக் என்கிறது. இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்திய பிறகே இந்த வண்டியில் அளவு பார்க்க வேண்டும். இதை அறியாமல் பல புல்லட்கள் வீணாகப் பிரிக்கப்பட்டிருக்கும் என்பது என் சந்தேகம். பின்னாளில் வந்த இன்ஜினில் கியர்பாக்ஸும் இன்ஜினும் ஒரே கூட்டுக்குள் வந்து, இணைப்புகள் குறைந்ததும், அந்தக் கேலியும் வயதான கேலியாகிவிட்டது.

அம்பாசடர் கதை வேறு. அதில் நெடுநாள் இருந்த 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனின் பி.எம்.சி. பி-சீரிஸ் குடும்பம். அக்குடும்பத்தின் பழைய இன்ஜின்களில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. தண்டின் மேல் எதிர்த்திசையில் வெட்டிய மரைதான். சுழலும்போது அந்த மரை ஆயிலைத் திருகித் திருகி உள்ளே அனுப்பும். நின்றுவிட்டால் அனுப்ப ஆளில்லை. உள்ளே அழுத்தம் கூடிவிட்டால் மரை எவ்வளவு திருகினாலும் போதாது. ஆகவே அங்கே கொஞ்சம் கசிவது வடிவமைப்பிலேயே ஒத்துக்கொள்ளப்பட்ட விஷயம். அதை முழுதாக நிறுத்துகிறேன் என்று யாராவது சத்தியம் செய்தால் பணத்தை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைய கார்களில் பிரீதரின் வேலையை பிசிவி வால்வு செய்கிறது. முன்பெல்லாம் கிராங்க்கேஸ் புகையைக் குழாய் வைத்துச் சாலையிலேயே விட்டார்கள். புகைமூட்டத்தில் தவித்த கலிபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலிருந்து அந்தப் புகையை இன்ஜினே உறிஞ்சி எரிக்கும் ஏற்பாடு வந்தது. காற்று மாசுக்காக வந்த ஏற்பாடு ஆயில் கசிவையும் குறைத்தது. கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் இரண்டு கிலோமீட்டர் ஓடும் கார்களில் இன்ஜின் முழுச் சூடு ஏறுவதில்லை. உள்ளே நீர் கோத்து, ஆயிலோடு கலந்து, மோர்க்குழம்பு நிறத்தில் ஒரு பிசின் உண்டாகி இந்த வால்வையும் குழாயையும் அடைத்துவிடுகிறது.

சோதிப்பது எளிது. பெட்ரோல் கார் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, துவாரத்தின் மேல் ஒரு தாளை வையுங்கள். பெரும்பாலான இன்ஜின்களில் தாள் லேசாக உறிஞ்சப்பட்டு ஒட்ட வேண்டும். துள்ளித் துள்ளிப் பறந்தால் உள்ளே அழுத்தம் நிற்கிறது என்று பொருள். வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். பல வகைகளில் உள்ளே கலகலவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் மாற்றுவது சில நூறு ரூபாய் விஷயம். வால்வும் குழாயும் சரியாக இருந்தும் தாள் பறந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்து எரிந்த வாயு கீழே இறங்குகிறது. அப்படிப்பட்ட இன்ஜினில் தங்கத்தில் பேக்கிங் செய்து போட்டாலும் நிற்காது. கம்ப்ரஷன் பார்த்துவிட்டு, இன்ஜின் வேலைக்குத் துணிவதா, ஊற்றி ஊற்றி ஓட்டுவதா என்று முடிவெடுப்பதுதான் மிச்சம்.

இறுக்கினால் நிற்குமா?

நிற்காது. இன்னும் கசியும்.

கசிந்தால் இறுக்கு என்பது கைக்குப் பழகிப்போன எண்ணம். குடிநீர்க் குழாயில் அது பலிக்கலாம். டாப் கவர் போல்ட்களுக்குப் பல கார்களில் சொல்லப்பட்டிருக்கும் இறுக்கம் 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் பத்து கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவோ அவ்வளவு. நீளக் கைப்பிடி ராட்செட்டைப் பிடித்த கைக்கு அது இறுக்கியதாகவே தோன்றாது. இன்னொரு கால் சுற்று போடும். ரப்பர் பிதுங்கும், கார்க் வெடிக்கும். இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப் தகட்டில் செய்தது என்றால் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி மட்டும் குழி விழும். போல்ட் அடியில் நெருக்கம், இரண்டு போல்ட்டுக்கு நடுவில் இடைவெளி. அடுத்த முறை எவ்வளவு நல்ல பேக்கிங் போட்டாலும் அந்த இடைவெளி அப்படியே இருக்கும். ஏழாவது வாரத்துக் கசிவில் பாதி, முந்தைய ரிப்பேர் உண்டாக்கிய கசிவு என்று நான் நினைப்பது இதனால்தான்.

சம்பைக் கழற்றியவுடன் அதன் விளிம்பைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. ஓட்டைகளைச் சுற்றிப் பிதுங்கிய தகட்டை மரக்கட்டையின் மேல் வைத்துச் சிறிய சுத்தியலால் தட்டிச் சமன்படுத்தலாம். அலுமினியக் கவர் என்றால் கண்ணாடியின் மேல் எமரி தாளை விரித்து, சொட்டு ஆயில் விட்டு, எட்டு (8) போடுவதுபோல் இடத்தை மாற்றி மாற்றிச் சுழற்றித் தேய்த்தால் மேடுகள் மட்டும் பளபளக்கத் தொடங்கும். முகம் முழுக்க ஒரே நிறம் வரும்வரை தேய்க்க வேண்டும். பழைய பேக்கிங்கைச் சுரண்டப் பிளாஸ்டிக் தகடோ, சாய்த்துப் பிடித்த பிளேடோ போதும். கிரைண்டரில் மணல் டிஸ்க் மாட்டித் தேய்ப்பது வேகமான வேலைதான். ஆனால் அந்தத் துகள் இன்ஜினுக்குள் விழுந்தால் பேரிங்கைத் தின்றுவிடும். கடைசியில் தின்னர் நனைத்த துணியால், துணியில் கறை ஒட்டாமல் போகும்வரை துடைப்பது முக்கியம். எண்ணெய்ப் பசை இருந்தால் எந்தப் பசையும் ஒட்டாது.

போல்ட் போடும்போது நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி வெளியே போக வேண்டும். அதுவும் ஒரே மூச்சில் கூடாது, மூன்று தவணையில். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வாங்குவது இந்த வேலைக்கு ஆகும் செலவில் பெரியது, பயன் அதைவிடப் பெரியது. நான் அதை வாங்கியது ஒரு டிரெயின் போல்ட்டைத் திருகி அலுமினிய மரையை உருவிய மறுநாள். லேத் பட்டறையில் மரைக்கு ஹெலிகாயில் சுருள் போட்டுக்கொடுத்தவர் என்னிடம், "கை பலத்த வேற எங்கயாவது காட்டுங்க" என்றார். காசு வாங்கிக்கொண்டுதான்.

டிரெயின் போல்ட்டின் வாஷர் அலுமினியம் என்றால் ஒவ்வொரு முறையும் புதியது போடுங்கள். செம்பு வாஷருக்கு மட்டும் மறுபிறவி உண்டு. நசுங்கி இறுகிய செம்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மீண்டும் மிருதுவாகிவிடும். எஃகை இப்படிச் செய்தால் இறுகும், செம்பு இளகும்.

பசை என்னும் மோகம்

சென்னையிலிருந்து வரும் ஒரு பிராண்டின் பெயர் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பொருளுக்கே பெயராகிவிட்டது: அனபாண்ட். "அனபாண்ட் போட்டு மூடு" என்றால் எந்தக் கம்பெனி சிலிகான் பசையானாலும் சரி. நல்ல பொருள். கெடுப்பது அளவும் அவசரமும்தான். இந்தச் சிலிகான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. மேலே சில நிமிடங்களில் ஆடை கட்டிவிடும், உள்ளே முழுதாக இறுக ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். பட்டறையில் பூசி அரைமணியில் ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்து சாவியைக் கொடுக்கிறார்கள். ஆறு வாரம் தாங்கியதே பெரிது. வீட்டில் செய்பவர் சனிக்கிழமை மாலை பூசி, ஞாயிறு மாலை ஆயில் ஊற்றலாம்.

அளவு விஷயத்தில் இன்னும் ஆபத்து. இறுக்கும்போது வெளியே பிதுங்கும் பசை நம் கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும், தெரியாது. அது இறுகிப் புழுப்போல் உதிர்ந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையில் போய் ஒட்டும். வலை அடைபட்டால் பேரிங்குக்கு ஆயில் போகாது. கசிவை நிறுத்தப்போய் இன்ஜினை நிறுத்திய கதைகள் உண்டு. இரண்டு, மூன்று மி.மீ. தடிமனில், போல்ட் ஓட்டைகளுக்கு உள்பக்கமாக, அறுபடாத ஒரே கோடு போதும். ரப்பர் பேக்கிங் வரும் இடத்தில் மூலைகளில் ஒரு பொட்டு வைத்தால் சரி. ரப்பர் முழுக்கப் பூசினால் அது வழுக்கிக்கொண்டு இடம் மாறும்.

தாள் பேக்கிங் கிடைக்காத பழைய வண்டிகளுக்கு அதை வீட்டிலேயே வெட்டலாம். கேஸ்கட் ஷீட்டைக் கவரின் மேல் விரித்துப் பிடித்து, சிறிய உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டே போனால், உலோக ஓரமே கத்தியாகித் தாளை வெட்டிவிடும். முதலில் இரண்டு ஓட்டைகளைத் தட்டி, அவற்றில் போல்ட்டைச் செருகிக்கொண்டால் தாள் நகராது. இந்த 'டொக் டொக்' சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் இதைப் படித்துக் கொஞ்சம் சிரித்துக்கொள்வார்கள்.

எம்-சீல் பற்றிக் கேட்பீர்கள். கல்லில் அடிபட்டு சம்பில் விழுந்த விரிசலை, ஆயிலை வடித்து, சுரண்டிச் சுத்தம் செய்து, அதை வைத்து அடைத்து ஊர் வந்து சேர்ந்தவர்கள் பலர். ஊர் வந்து சேர்வதற்குத்தான் அது.

சீல்

பேக்கிங் அசையாத இரண்டு முகங்களுக்கு நடுவில் இருப்பது. சீல் சுழலும் தண்டைக் கட்டிப்பிடித்திருப்பது. தண்டைச் சுற்றி உதடுபோல் ஒரு விளிம்பு, அதன் முதுகில் மெல்லிய ஸ்பிரிங் வளையம். ரப்பருக்கு முன் இதைத் தோலில்தான் செய்தார்கள். ஜெர்மனியில் வைன்ஹைம் ஊரைச் சேர்ந்த ஃப்ராய்டன்பர்க், தோல் பதனிட்டுவந்த நிறுவனம், 1930களில் இந்த வகை சீலில் புகழ்பெற்றது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இருப்பவர்களுக்கு இது ஒரு சுவையான செய்தி.

சீல் மாற்றியும் கசிந்தால் தண்டைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் உரசிய உதடு, இரும்பிலேயே பள்ளம் போட்டிருக்கும். நகத்தை ஓட்டினால் இடறும். புதிய சீலின் உதடும் அதே பள்ளத்தில்தான் உட்காரும். இடம் இருந்தால் ஒன்றிரண்டு மி.மீ. முன்பின்னாகச் சீலை இறக்கி, உதடு பள்ளம் இல்லாத இடத்தில் படும்படி செய்யலாம். தண்டின் மேல் மெல்லிய எஃகு உறை ஏற்றும் வழியும் இருக்கிறது. உதட்டின் ஸ்பிரிங் பக்கம் ஆயிலை நோக்கி இருக்க வேண்டும். சாதாரண ரப்பர் சீலுக்கு உதட்டில் ஆயில் தடவிப் போட வேண்டும். சில புதிய டெஃப்லான் உதட்டு சீல்களைக் காய்ந்த நிலையில்தான் போட வேண்டும், ஆயில் தடவினால் கெட்டது. அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் தூக்கி எறியும் பழக்கத்துக்கு இங்கே விலை உண்டு.

முன்பக்க கிராங்க் சீல்வரை பொறுமைசாலி ஒருவர் வீட்டில் செய்யலாம். கியர்பாக்ஸ் இறக்கும் வேலை வீட்டு வேலை ஆகாது. அடியில் படுத்துச் செய்யும் எந்த வேலைக்கும் ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது. ஆக்சில் ஸ்டாண்டு வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சுமை தாங்குவதுபோல் நின்று, சொல்லாமல் நொறுங்கும்.

பாட்டில் மருந்து

ஊற்றினால் கசிவு நிற்கும் என்று விற்கும் பாட்டில்களை முழு ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அவற்றில் இருப்பது ரப்பரை ஊறவைத்துப் பருக்கவைக்கும் பொருள். காய்ந்த சீலுக்கு அது கொஞ்ச காலம் உதவும். கிழிந்த தாள் பேக்கிங்குக்கும், வளைந்த சம்புக்கும், அடைபட்ட பிரீதருக்கும் அது என்ன செய்யும்? எதைக் குணப்படுத்தும் என்று தெரிந்தால் ஊற்றலாம். தெரியாமல் ஊற்றுவதுதான் வழக்கம்.

சிந்தெடிக் ஆயில் ஊற்றினால் கசியும் என்ற பயத்துக்கும் ஒரு வேர் உண்டு. தொடக்ககால சிந்தெடிக் ஆயில்களின் அடிப்படை எண்ணெய் ரப்பரைச் சுருக்கும் இயல்புடையது. பின்னர் அதைச் சமன்செய்யும் எஸ்டர்களைச் சேர்த்துவிட்டார்கள். இன்று நடப்பது வேறு. ஏற்கெனவே தேய்ந்த சீலை அடைத்துக்கொண்டிருந்த பழைய கசடைப் புதிய ஆயில் கழுவிவிடுகிறது, மறைந்திருந்த ஓட்டை வெளியே தெரிகிறது. கெட்டியான ஆயிலுக்கு மாறுவது கசிவைச் சற்று மெதுவாக்கும். ஆனால் மெல்லிய ஆயிலுக்காக வடிவமைத்த இன்றைய இன்ஜின்களில் அது காலை ஸ்டார்ட்டிலேயே மேல்பகுதிக்கு ஆயில் போவதைத் தாமதப்படுத்தும். இருபது வருஷத்துப் பழைய இன்ஜினுக்கு இந்தக் கவலை அவ்வளவு இல்லை.

எந்தக் கசிவைச் சகிக்கலாம்? வியர்த்தாற்போல் ஈரம் மட்டும் தெரிந்து, சொட்டாமல், அளவுக் குச்சியில் மாதக்கணக்கில் மாற்றம் இல்லை என்றால் துடைத்துவிட்டு ஓட்டலாம். சைலன்சர்மேல் விழுந்து புகையும் கசிவு, பைக்கின் பின்டயருக்கோ பிரேக்குக்கோ போகும் கசிவு, டைமிங் பெல்ட்டை நனைக்கும் கசிவு, இவை ஒரு சொட்டானாலும் அன்றைக்கே பார்க்க வேண்டியவை. ஆயில் பட்ட டைமிங் பெல்ட் ஊறி, பல் உதிர்ந்து அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

வடித்த கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பழைய ஐந்து லிட்டர் கேனில் சேர்த்து, சேகரித்து அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம். கட்டட வேலைக்காரர்கள் சென்ட்ரிங் பலகையில் தடவக் கேட்டு வருவார்கள். கையில் படும், மண்ணில் இறங்கும் அந்த வழியை நான் விரும்புவதில்லை. டைல்ஸில் பிடித்த கறைக்கு மரத்தூளோ சிமென்டுத் தூளோ தூவி ஒரு ராத்திரி விட்டு, காலையில் பெருக்கிவிட்டு, சலவை சோடா கரைத்த வெந்நீரால் தேய்த்தால் முக்கால்வாசி போகும். சொரசொரப்பான சிமென்ட் தரை என்றால் பாதி. வீட்டு ஓனருக்குக் காட்ட அது போதும்.